தற்காலிகத் தேதியைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஒரே சனிக்கிழமையில் இரண்டு நிரலாக்க மாநாடுகள். இரண்டையும் நடத்துவது தன்னார்வலர்கள், இரண்டுக்கும் வருவது கிட்டத்தட்ட ஒரே கூட்டம். நாங்கள் நடத்துவது அன்கான்பரன்ஸ், அதாவது வந்தவர்களே அன்று காலையில் நிகழ்ச்சி நிரலைப் போடும் மாநாடு. நாங்கள் அரங்கத்துக்கு முன்பணம் கட்டி, தேதியையும் அறிவித்த பிறகு இன்னொரு குழுவின் போஸ்டர் வந்து விழுகிறது. கேட்டால், "அடடா, கவனிக்கலையே! ஆனா உங்க தலைப்பு வேற, எங்க தலைப்பு வேற, பிரச்சினை வராது" என்று பதில்.

தலைப்பு வேறாம்! பதிவு மேசையில் உட்காருவது யார்? வீடியோ எடுப்பது யார்? புரொஜெக்டருக்கு எந்தக் கேபிள் பொருந்தும் என்று தெரிந்த அந்த ஒரே ஆள் எந்த அரங்கில் நிற்பார்? நிறுவனங்கள் நடத்தும் மாநாட்டுக்குச் சம்பளத்துக்கு ஆள் இருக்கும். நமக்கு இருப்பதோ வேலை நேரம் போக மீதியில் வரும் கொஞ்சம் பேர். அவர்களைத்தான் இரண்டு குழுவும் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஸ்பான்சர் கதையும் அதேதான். பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் ஒரே பட்ஜெட்டைத்தான் எல்லோரும் தட்டுகிறோம். மோதல் என்று தெரிந்ததும் அவர்கள் "அடுத்த முறை பார்க்கலாம்" என்று இருவரிடமும் நழுவுவார்கள்.

"வருஷத்துக்கு 52 வாரக்கடைசி இருக்கே" என்று ஒரு அறிவாளி சொன்னார். சரி, கழித்துப் பார்ப்போம். தேர்வு மாதங்கள் போச்சு. நீண்ட விடுமுறை வாரங்கள் போச்சு. பண்டிகைகளோ ஒரு இடத்தில் நிற்பதில்லை: ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துவிடும், ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் வரும். போன வருடத் தேதியை அப்படியே இந்த வருடத்துக்கு நகலெடுக்கும் குழுக்களுக்கு இது உறைப்பதே இல்லை. மிஞ்சுவது இரண்டு பருவங்களில் சில வாரங்கள். எல்லோரும் அங்கேதான் வந்து முட்டிக்கொள்கிறோம்.

பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டைப் பாருங்கள். முன்பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது, ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். பிப்ரவரித் தொடக்கத்தை ஒட்டிய வாரக்கடைசி அது என்று பல ஆண்டுகளாகவே எல்லோருக்கும் தெரியும். அதனால் மற்றவர்கள் தாமாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். தேதி முன்கூட்டியே தெரிந்தால் மோதல் பாதி தீர்ந்தது.

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? தேதியை வினாத்தாள் மாதிரி பூட்டி வைக்கிறார்கள். அரங்கம் உறுதியாகவில்லை, ஸ்பான்சர் கையெழுத்துப் போடவில்லை, லோகோ இன்னும் வரவில்லை. எல்லாம் முடிந்து ஒரு நல்ல நாளில் பிரமாண்டமாக அறிவிப்பார்களாம். அதற்குள் இரண்டு தரப்புமே பணம் கட்டியிருக்கும், யாராலும் நகர முடியாது. மாநாடுகளைத் தொகுத்துத் தரும் பொதுப் பட்டியல்கள் இல்லாமல் இல்லை. யார் வேண்டுமானாலும் புல் ரிக்வெஸ்ட் (திருத்தக் கோரிக்கை) அனுப்பலாம். ஆனால் அதில் தேதி ஏறுவது அறிவித்த பிறகுதான். டிக்கெட் வாங்குபவருக்கு அது போதும். தேதி தேடும் அமைப்பாளருக்கு அதனால் என்ன பயன்?

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நாம் நிரலர்கள். காலண்டர் தகவலை மென்பொருள்கள் பரிமாறிக்கொள்வதற்கான ஐகேலண்டர் என்ற பொதுத் தரம் 1998-இலேயே வந்துவிட்டது, 2009-இல் திருத்தியும் வெளியிட்டார்கள். அதில் ஒரு நிகழ்வின் நிலையைக் குறிக்கவே தனிப் புலம் இருக்கிறது: உறுதியானது, ரத்தானது, அப்புறம் 'டென்டேட்டிவ்'. அதாவது "யோசித்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை" என்பதை இயந்திரத்துக்கே புரியும்படி சொல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பொதுக் காலண்டரில் மூன்று உத்தேசத் தேதிகளைப் போட்டுவிட்டு, அரங்கம் கிடைத்ததும் இரண்டை எடுத்துவிடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நம் குழுக்கள் தேதியைப் போஸ்டர் படத்துக்குள் எழுதுகின்றன. தேட முடியாது, நகலெடுக்க முடியாது, சில சமயம் ஆண்டுகூட இருக்காது. ஒரே வரியை இரண்டு பேர் திருத்தினால் மெர்ஜ் (இரண்டையும் இணைப்பது) நிற்க வேண்டும் என்று, நிரல் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் மென்பொருளிடம் எதிர்பார்க்கிற அதே மனிதர்கள்தான் இவர்கள்.

கடைசியாக, அன்கான்பரன்ஸ் நடத்துபவர்களிடம் காட்டும் அலட்சியம். "உங்களுக்குத்தான் நிகழ்ச்சி நிரலே கிடையாதே, நீங்க தேதியை மாத்திக்கோங்க." ஹாரிசன் ஓவன் 1985-இல் தொடங்கிய, அன்கான்பரன்ஸ் வகையைச் சேர்ந்த ஓபன் ஸ்பேஸ் முறையில் அன்றைய நிரலைக் காலையில் வந்தவர்களே போடுகிறார்கள், உண்மைதான். 2005-இல் பார்கேம்ப் என்ற அன்கான்பரன்ஸ் முதல்முறை நடந்தபோது, யோசனை தோன்றி ஒரு வாரத்துக்குள் நடந்து முடிந்ததும் உண்மை. அந்தக் கதையைச் சொல்லியே எங்கள் வாயை அடைக்கிறார்கள். அரங்கம், இணைய இணைப்பு, காவலாளி, வெளியூரிலிருந்து வருபவரின் பயணச்சீட்டு எல்லாம் காலையில் சுவரில் ஸ்டிக்கி நோட் ஒட்டினால் வந்துவிடுமா?

சொல்லப்போனால் மோதலை நேருக்கு நேர் பார்த்துத் தீர்ப்பது நாங்கள்தான். ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் ஒரே மாதிரி தலைப்பு வந்தால், முன்மொழிந்தவர்களைச் சுவர் அருகிலேயே பேசவைத்து ஒன்றாக்குகிறோம். கைதூக்கச் சொல்லி ஆர்வத்தை எண்ணி, கூட்டம் சேரும் இரண்டை வேறு வேறு நேரத்துக்குத் தள்ளுகிறோம். "பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம்" என்ற இரண்டு கால் விதி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நாங்கள் நம்புவதில்லை. இரண்டு காலும் ஒரே அறைக்குத்தான் போகும்.

ஆகவே தலைப்பு வேறு என்று சொன்ன நண்பர்களுக்கு: எங்களிடம் வளைந்துகொடுப்பது சுவரில் இருக்கும் நிகழ்ச்சி நிரலின் கட்டங்கள் மட்டும்தான். அரங்கத்தின் தேதி உங்களுடையதைப் போலவே இறுகிப்போனது. நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். நீங்களே நகருங்கள்.