பருவத்தை வரைவதென்றால் பூவையும் இலையையும் மட்டும் வரைவதா?

பருவகால ஓவியம் என்றதும் பூத்த மரம், உதிர்ந்த இலை, பனி மூடிய கூரை என்றே பலருக்கும் நினைவு வருகிறது. அவை அழகுதான். ஆனாலும், ஒரு பருவம் மனிதர்களை என்ன பாடு படுத்துகிறது என்று காட்டும் ஓவியமே அந்தப் பருவத்தை முழுமையாகச் சொல்கிறது என்பது என் எண்ணம். பிளெமிய (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியர் மூத்த பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த பருவ வரிசையை வைத்தே இதைச் சொல்கிறேன்.

ஆன்ட்வெர்ப் நகரச் செல்வந்தர் நிக்லாஸ் யோங்கெலிங்க் வரைவித்த படங்கள் இவை. ஆண்டை இரண்டிரண்டு மாதங்களாகப் பகுத்து ஆறு படங்கள் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. இன்று ஐந்துதான் எஞ்சியுள்ளன, வசந்தத்தைக் காணோம். அந்தந்த மாதத்து வேலையை வரைவது புரூகல் தொடங்கிவைத்த வழக்கம் அன்று. இடைக்காலப் பிரார்த்தனை நூல்களின் நாள்காட்டிப் பக்கங்களில் சிறிதாக இருந்ததை, அவர் ஒன்றரை மீட்டருக்கும் கூடுதலான அகலமுள்ள மரப்பலகைக்குக் கொண்டுவந்தார்.

‘பனியில் வேட்டைக்காரர்கள்’ படத்தைப் பாருங்கள். நமக்கு முதுகைக் காட்டியபடி, தலை கவிழ்ந்து மூவர் நடக்கிறார்கள்; பின்னால் சோர்ந்த நாய்க்கூட்டம். இத்தனை பேர் அலைந்தும் தோளில் தொங்குவது ஒரே ஒரு நரி. விடுதியின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று சாய்ந்து கிடக்க, வாசலில் மூட்டிய தீயைக் காற்று பக்கவாட்டில் இழுக்கிறது. கீழே ஆலைச் சக்கரம் உறைந்து நின்றுவிட்டது. வானத்துக்கும் உறைந்த குளத்துக்கும் ஒரே சாம்பல் கலந்த பச்சை நிறம். அந்தக் குளத்தின் மேல் சிலர் சறுக்கி விளையாடிக்கொண்டும் இருக்கிறார்கள். பசியையும் விளையாட்டையும் ஒரே குளிருக்குள் வைத்த துணிச்சல்தான் என்னை அசர வைக்கிறது.

நியூயார்க்கில் உள்ள ‘அறுவடைக்காரர்கள்’ படத்தில் சூரியனே இல்லை. ஆனால், மரத்தடியில் கால்களை அகல விரித்து, வாய் பிளந்து உறங்குகிறானே ஒருவன், அவனைப் பார்த்தாலே வெயிலின் கடுமை புரிந்துவிடுகிறது. அவன் பக்கத்தில் சிலர் ரொட்டி தின்ன, இன்னும் சிலர் ஆளுயரக் கோதுமையை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நூறாண்டு கழித்து, 1660களில், பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூஸ்ஸான் நான்கு பருவங்களுக்கும் விவிலியக் கதைகளைத் துணைக்கு அழைத்தார். வசந்தத்துக்கு ஆதாமும் ஏவாளும், குளிர்காலத்துக்குப் பெருவெள்ளம். மேதையின் வேலைதான், ஆனால் அந்த வெள்ளப் படத்தில் நான் காண்பது இறைவனின் சினத்தை, டிசம்பர் மாதத்தை அன்று. இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மோனே 1890–91இல் வரைந்த கதிர்ப்போர் வரிசையோ ஒளியின் கணக்கை அணு அணுவாகப் பிடித்தது. ஒரே கதிர்ப்போர் பனியிலும் அந்தி வெயிலிலும் வெவ்வேறு பொருளாகிவிடுகிறது. ஆனால் அந்தப் போரை அடுக்கிய உழவர்கள் எங்கே என்ற கேள்வியை என்னால் தவிர்க்க முடியவில்லை. ஓவிய வரலாற்றில் மோனேயின் இடத்தை நான் குறைக்கவில்லை. பருவம் என்ற பொருளில் மட்டும் என் வாக்கு புரூகலுக்கே.

வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள், வேட்டைக்காரர்களோடு நின்றுவிடாமல் அங்கேயே இருக்கும், புரூகலின் அதே வரிசையைச் சேர்ந்த ‘மந்தமான நாள்’ படத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். தொலைவில் புயலில் கப்பல்கள் உடைகின்றன. இந்தப் பக்கம் ஒருவர் மரக்கிளை கழிக்க, காகிதக் கிரீடம் சூடிய குழந்தை ஒன்று திருவிழாவில் நிற்கிறது.