போல்சோவர் திடீர்னு கவுந்த தொகுதி இல்லங்க
இங்கிலாந்துல டெர்பிஷயர்ல இருக்குற போல்சோவர் நாடாளுமன்றத் தொகுதி 2019ல திடீர்னு கன்சர்வேட்டிவ் கட்சி கைக்குப் போச்சுன்னு கட்டுரைல போட்டுருக்கீங்க, திடீர்னு எல்லாம் இல்லங்க. 1950ல தொகுதி உருவானதுலேர்ந்து அதுவரைக்கும் லேபர் கட்சிதான், அதுலயும் சுரங்கத் தொழிலாளியா இருந்து வந்த டென்னிஸ் ஸ்கின்னர் 1970லேர்ந்து 49 வருஷம் எம்.பி.! 1997ல 27,000 ஓட்டுக்கு மேல வித்தியாசம், 2017ல வெறும் 5,288, அந்த இறக்கத்தப் பாத்தாலே புரியும். தொகுதில இருந்த ஷைர்புரூக் நிலக்கரி சுரங்கத்த 1993ல மூடினாங்க, இப்ப அந்த எடத்துல ஸ்போர்ட்ஸ் டைரக்ட்ங்குற விளையாட்டுப் பொருள் கடைக்காரங்களோட குடோன் நிக்குது, சுரங்கத்தோட யூனியனும் போச்சு, அப்பாவப் பாத்து புள்ள போட்ட ஓட்டும் போச்சு. பிரெக்ஸிட் வாக்கெடுப்புல போல்சோவர் மாவட்டத்துல 70 சதவீதம் பேரு ஐரோப்பிய யூனியன்லேர்ந்து வெளியேறணும்னுதான் போட்டாங்க. இடுப்பு ஆபரேஷன் ஆகி 87 வயசுல ஸ்கின்னர் 2019 தேர்தல்ல பிரச்சாரத்துக்கே வர முடியாம தோத்தது எனக்கு இன்னும் மனசு ஆறல. 2024ல லேபர் திரும்ப ஜெயிச்சுது, ஆனா அந்தப் பழைய 27,000 எங்க?