வரைபடத்தில் இல்லாத குழாய்

களத்துக்கே போகாமல் சாலைக்கு வரைபடம் போட்டால் மாட்டிக்கொள்வது எங்களைப் போன்ற ஒப்பந்தக்காரர்கள்தான். சிறுபாலத்துக்குத் தோண்டினால் குடிநீர்க் குழாய் குறுக்கே போகிறது. வரைபடத்தில் அது கிடையாது. மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டும் சிபிஆர் எண் 8 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள், வெட்டிப் பார்த்தால் அவ்வளவு தாங்காத கரிசல். தார்ச் சாலை வடிவமைப்புக்கான ஐஆர்சி 37 (இந்திய சாலைக் காங்கிரஸ்) வழிகாட்டுதல்படி அந்த எண்ணையும் வண்டிப் போக்குவரத்தையும் வைத்துத்தான் சாலையின் கனமே முடிவாகிறது. அதுவே தப்பென்றால் மேலே போடுகிற ஜல்லி, தார் அத்தனையும் வீண்.

சரி, திருத்திய வரைபடம் கேட்டுக் கடிதம் கொடுத்தால் பதில் வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடுகிறது. அதுவரை ஜேசிபி வாடகை, ஆட்கள் கூலி, வங்கி வட்டி எல்லாம் யார் தலையில்? கூடுதல் வேலைக்குப் பணம் கேட்டால், டெண்டர் போடும் முன் இடத்தைப் பார்த்தீர்களே என்கிறார்கள் அதிகாரிகள். மண்ணுக்கடியில் கிடப்பதை மேலே நின்று எப்படி ஐயா பார்ப்பது? டெண்டர் விடும் முன் நாலு இடத்தில் சோதனைக் குழி வெட்டச் சொல்லுங்கள்.