ஒல்லிக் குழந்தையின் அம்மாவிடம் எதைக் கேட்பது?

"என்ன, இவளுக்குச் சாப்பாடே போடுவதில்லையா?" சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். கேட்டவர்களுக்கு வாசலைத் தாண்டும்போதே அது மறந்துவிடும். எனக்கு அன்றைய தூக்கம் போய்விடும்.

மகளுக்கு மூன்றரை வயது. எடை 12 கிலோ. அவளோடு விளையாடும் பிள்ளைகளில் அவளைவிட ஆறு மாதம் சின்னவன் ஒருவன் 16 கிலோ இருக்கிறான். அவன் அம்மா அதைச் சொல்லும்போது வேண்டுமென்றே சொல்வதாக எனக்குத் தோன்றும். பாவம், அவர் அவனைத் தூக்க முடியாமல் இடுப்பு வலிக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

போன வருடம் நான் செய்த வேலைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். எடை மெஷின் ஒன்று வாங்கினேன். அவள் அதில் அசையாமல் நிற்க மாட்டாள். அதனால் அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை என்று நான் ஏறி, கழித்துக் கணக்குப் போடுவேன். வாரம் இரண்டு முறை. ஒரு முறை 300 கிராம் குறைந்திருந்தது என்று அழுதே விட்டேன். இரண்டு வயதுக்கு மேல் ஒரு குழந்தை வருடத்துக்கே ஏறக்குறைய 2 கிலோதான் கூடும். மாதக் கணக்கில் பார்த்தால் சுமார் 170 கிராம். ஒரு டம்ளர் தண்ணீர் அதைவிட அதிகம். நான் வாரத்துக்கு இரண்டு தடவை அளந்தது அவள் குடித்த தண்ணீரையும் போகாத மூத்திரத்தையும்தான்!

பிரான்ஸில் மோன்பெயார் என்று ஒரு பிரபு இருந்தார். 1759-இல் பிறந்த தன் மகனின் உயரத்தை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து 1777 வரை குறித்து வைத்தார். ஒரே குழந்தையைப் பிறந்ததிலிருந்து பெரியவனாகும் வரை தொடர்ந்து அளந்த பழைய பதிவு என்று வளர்ச்சி பற்றி எழுதுபவர்கள் இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். பதினெட்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை! அந்த மனுஷனுக்கு இருந்த பொறுமையில் கால்வாசிகூட எனக்கு இல்லை.

மெஷினைவிட மோசம் சாப்பாட்டு நேரம். ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம். கையில் கிண்ணத்தோடு நான் பின்னால், அவள் முன்னால். போனில் படம் ஓட விட்டு, வாய் திறக்கும் நொடியில் ஸ்பூனைத் திணிப்பது. கடைசி வாயில் வாந்தி, முதலிலிருந்து மறுபடி. அவள் நாற்காலியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்ப ஆரம்பித்த பிறகும் நான் நிறுத்தவில்லை. யாரோ சொன்னார்கள் என்று பசி சிரப் வாங்கக் கடை வரை போய்விட்டு வந்தேன். இப்படிக் கொடுக்கப்படும் சிரப் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின், அடிப்படையில் ஒவ்வாமைக்கான மருந்து. தூக்கம் வரும், பசியும் தூண்டும். நிறுத்தினால் அந்தப் பசியும் பெரும்பாலும் போய்விடும். மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

சரி, கடைசியில் குழந்தை மருத்துவரிடம் போனேன். அவர் அவளைப் பார்ப்பதற்கு முன் கேட்டது பழைய எடைகளை. பிறந்தபோது 2.6. ஒரு வயதில் 7.3. இரண்டில் 9.4. மூன்றில் 11.2. இப்போது 12. ஒவ்வொன்றையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். எல்லாப் புள்ளியும் கீழிருக்கும் மூன்றாம் சதமானக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, அதை ஒட்டியே வந்தன.

அந்தக் கோட்டுக்கு அர்த்தம், ஆரோக்கியமான நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால் மூன்று பேர் அதற்கும் கீழே நிற்பார்கள் என்பது. யாராவது நின்றுதானே ஆக வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வரைபடம் இது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து போட்டார்கள். தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த பிள்ளைகள். அவர்களிலும் ஒல்லிகள் இருந்தார்கள்.

அப்புறம் எங்கள் உயரத்தைக் கேட்டார். கணவர் 160 சென்டிமீட்டர், நான் 149. இரண்டையும் கூட்டி, பெண் குழந்தை என்பதால் 13-ஐக் கழித்து, இரண்டால் வகுத்தால் 148; அவள் வளர்ந்து பெரியவளாகும்போது எதிர்பார்க்கக்கூடிய உயரம் அது. எட்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். 92 சென்டிமீட்டர் உயரமுள்ள அவளுக்கு 12 கிலோ பொருந்துகிற எடைதான். "நீங்கள் இருவரும் குள்ளமாக இருந்துகொண்டு இவளை மட்டும் நடுக்கோட்டில் தேடினால் எப்படி?" என்றார். கோபம் வந்தது. உண்மை என்பதால் வந்த கோபம். ஒரு வயதுக்குப் பிறகு உயரத்தோடு ஒப்பிட்ட பருமன் குறைந்துகொண்டே போய், ஐந்து ஆறு வயது வாக்கில்தான் பிள்ளைகள் மிக ஒல்லியாகத் தெரிவார்கள் என்பதையும் அன்றுதான் கேட்டேன். நானோ எட்டு மாதத்தில் எடுத்த கொழுகொழு போட்டோவை வைத்துக்கொண்டு அளந்துகொண்டிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு "அதான், உடம்புவாகு, விடுங்கள்" என்று சொல்ல வருபவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. மருத்துவர் அப்படி விடவில்லை. சாப்பிடாததற்கு ஈடாக நான் அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பால் கொடுத்துவந்தேன், பெருமையாக. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிறு நிறைந்துவிடுவதால் மற்ற உணவுக்கு இடமும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைந்திருந்தது, அதுவே பசியைக் கெடுக்கும். பாலை அரை லிட்டருக்குள் குறைத்து, மருந்தும் கொடுத்த பிறகு அவளே கேட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். "உடம்புவாகு" என்று நானும் விட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. இரண்டு கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கும் எடை, நின்றுபோன உயரம், நாள்கணக்கில் வயிற்றுப்போக்கு, அடிக்கடி காய்ச்சல், விளையாடாமல் சுருண்டு கிடப்பது, இதில் எது இருந்தாலும் பக்கத்து வீட்டு ஆறுதலைக் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

சாப்பாட்டு மேசைக்கு அவர் சொன்னது எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளரின் விதி. என்ன, எப்போது, எங்கே என்பது நம் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. கேட்க எளிது. முதல் வாரம் நான்கு வாய் சாப்பிட்டு அவள் எழுந்து போகும்போது என் கை தானாகக் கிண்ணத்தைத் தேடும். கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நிஜமாகவே. இப்போது இருபது நிமிடத்தில் முடிகிறது. சில நாள் நிறைய, சில நாள் ஒன்றுமே இல்லை.

மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அடுத்த அளவு ஆறு மாதம் கழித்து, அதே இடத்தில், அதே மெஷினில். அதுவரை கமெண்டில் டானிக் பெயர் எழுத வருபவர்கள், எந்தக் குழந்தைக்காக எழுதுகிறீர்களோ அதன் போன வருட எடையை முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.