எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் பிள்ளைகள்

5+3+3+4. 2020 தேசியக் கல்விக் கொள்கை பள்ளிப் படிப்பை வயதை வைத்து இப்படிப் பிரிக்கிறது. 3 வயதில் பால்வாடியில் தொடங்கி 2ஆம் வகுப்பு வரை ஒரு கட்டம், அப்புறம் 5 வரை, 8 வரை, 12 வரை. தமிழ்நாடு இதை ஏற்காமல் 2025 ஆகஸ்டில் தனிக் கொள்கை வெளியிட்டது. டிவியில் இரண்டு தரப்பும் மோதிக்கொள்கிறார்கள். எங்கள் கிருஷ்ணகிரி மலைப் பிள்ளைகளுக்கு முக்கியமான விஷயத்தை மட்டும் யாரும் பேசக் காணோம். எத்தனை கட்டமாகப் பிரித்தாலும் சரி, ஒரு கட்டம் முடிந்ததும் பள்ளிக்கூடம் வேறு ஊருக்குப் போய்விட்டால் பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது.

அஞ்செட்டிப் பக்கத்து மலை ஊர்களில் பாருங்கள். தொடக்கப் பள்ளி ஊரிலேயே இருக்கும். ஆறாவதுக்குப் பக்கத்து ஊர். ஒன்பதாவதுக்குக் காட்டு வழியாக பஸ் ஏற வேண்டும், யானை நடமாடும் பாதை. எட்டு முடித்த ஒரு பெண்ணின் டி.சி., ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் சுருட்டிப் பரணில் கிடந்தது. ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். "காலையில ஒரு பஸ்ஸு, சாயந்திரம் ஒரு பஸ்ஸு. அதை விட்டா இருட்டுல பொண்ணு எப்படிங்க வரும்?" என்றார் அம்மா. படிப்பு நின்ற வீட்டில் அடுத்த பேச்சு பெங்களூரு கட்டட வேலை, இல்லையென்றால் கல்யாணம். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க விழிப்புணர்வுப் பேரணி போகிறோம். அந்த ஊருக்கு ஒரு வேன் விட்டால் அதைவிடப் பலன் இருக்கும்.

அரசு இலவச சைக்கிள் கொடுப்பது 11ஆம் வகுப்பில். நல்ல திட்டம்தான், ஆனால் ஒன்பதாவதுக்கே போகாத பெண்ணுக்கு அது கைக்கு வரப்போவதில்லை.

3 முதல் 8 வயது வரை ஒரே கட்டம் என்ற யோசனையை நான் ஆதரிக்கிறேன். தளி, கெலமங்கலம் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை தமிழுக்குப் பழகவே இரண்டு வருஷம் ஆகும். அந்த நேரத்தை அவசரப்படுத்தாமல் கொடுக்க வேண்டும். ஆனால் பால்வாடி ஒரு துறை, பள்ளி இன்னொரு துறை என்று இருக்கும்வரை அது காகிதத்திலேயே நிற்கும். அதே தேசியக் கொள்கை 3, 5, 8 வகுப்புகளில் தேர்வு வைக்கச் சொல்வதை மட்டும் ஏற்கவே முடியாது. 5, 8க்குப் பொதுத்தேர்வு என்று இங்கே 2019இல் அறிவித்து 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்களே, அது திரும்ப வரவே கூடாது. ஏற்கனவே நிற்கத் தயாராக இருக்கும் பிள்ளைக்குத் தேர்வு ஒரு சாக்கு.

எட்டு முடித்ததும் டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒன்பதாவது இருக்கும் பள்ளியே நேரடியாகப் பெயரைச் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு பள்ளியை விட்டு வேறு பள்ளியில் இன்னும் சேராத பிள்ளைகளின் பெயர்கள், அரசின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் 'காமன் பூல்' என்ற பட்டியலில் நிற்கும். ஜூனில் அதில் எந்தப் பெயர் தேங்கி நிற்கிறதோ, அந்த வீட்டுக்கு அதே வாரம் ஆள் போகட்டும். பஸ் இல்லாத ஊருக்கு வேன், தூரமான ஊருக்கு விடுதி. இவ்வளவுதான் கேட்கிறோம்.