அரசமரம் இரவில் ஒட்சிசன் விடுமா?

திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: அரசமரமும் துளசியும் 24 மணித்தியாலமும் ஒட்சிசன் விடுமாம். பிழை. ஒளி இல்லாமல் எந்தச் செடியும் ஒட்சிசனை உண்டாக்காது.

செடி மண்ணையே உண்டு வளர்கிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1770களில் ஆங்கிலேய விஞ்ஞானி பிரீஸ்ட்லி, மெழுகுதிரி எரிந்து கெட்ட காற்றைச் செடி சீராக்குவதைக் கண்டார். ஆனால் சோதனை சிலவேளை சரிவந்தது, சிலவேளை பிழைத்தது. காரணத்தை 1779இல் டச்சு மருத்துவர் இங்கன்ஹவுஸ் பிடித்தார்: காற்றைச் சீராக்குவது, அதாவது ஒட்சிசன் விடுவது, செடியின் பச்சைப் பகுதி, அதுவும் வெளிச்சத்தில் மட்டும். அந்த ஒட்சிசன் நீரிலிருந்து வருவது 1941இல் தெளிவானது. நீரைப் பிரிக்க ஒளி வேண்டும்.

கற்றாழை இரவில் இலைத்துளை திறப்பது உண்மை. அது ஒட்சிசன் விட அல்ல, காபனீரொட்சைட்டை உள்ளே எடுத்துச் சேமிக்கத்தான்.

நீங்களே பார்க்கலாம். கந்தளாய்ப் பக்கம் குளத்தில் ஐதரில்லா என்ற நீர்ச்செடி கிடைத்தால், ஒரு துண்டை வெட்டிய முனை மேலே இருக்கும்படி கண்ணாடிக் குவளை நீரில் அமிழ்த்துங்கள். ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுங்கள். இல்லாவிட்டால் காபனீரொட்சைட்டு போதாது. வெயிலில் வெட்டுமுனையிலிருந்து குமிழிகள் வரிசையாக ஏறும். கறுப்புத் துணியால் மூடிச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள், நின்றுவிடும். குவளைச் சுவரில் ஒட்டும் குமிழிகளை எண்ண வேண்டாம்: அவை சூடேறிய நீரிலிருந்து பிரியும் காற்று. செடி இல்லாத குவளையொன்றைப் பக்கத்தில் வைத்தால் அது விளங்கும்.

இரவில் மரத்தடியில் படுத்தால் மூச்சடைக்கும் என்பதும் வீண்பயம். திறந்தவெளியில் மரம் சுவாசித்து விடும் காபனீரொட்சைட்டு உடனே கலைந்துவிடும்.