பச்சைப் பிள்ளையின் துடிப்புக்கு எந்த அட்டவணை?

ஸ்மார்ட் வாட்ச் கட்டிய நாளிலிருந்து என் மச்சான் எழும்பியதும் பார்ப்பது தன் எச்.ஆர்.வி.யைத்தான், அதாவது இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கத்தை. இப்போது கைப்பிள்ளைக்கு அது எவ்வளவு இருக்க வேண்டுமாம். ஈசிஜி எடுக்கிற வேலை என்பதால் கேள்வி என் தலையில் விழுந்தது. ஒரே இலக்கமாகச் சொல்ல முடியாது, சொல்கிறவனை நம்பாதே என்றேன். பிள்ளை பால் குடிக்க மறுத்தால், நெஞ்சு உள்வாங்க மூச்சிழுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, அவ்வளவுதான்.

துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேரம் கூடிக் குறைவதுதான் எச்.ஆர்.வி. அதை அளக்கும் முறையை 1996இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதய நிபுணர்கள் வகுத்தார்கள். பெரியவர்களில் மூச்சோடு சேர்ந்த ஏற்ற இறக்கத்தை 0.15 முதல் 0.4 ஹெர்ட்ஸ் வரை தேடுவார்கள். அதாவது நிமிடத்துக்கு 9 முதல் 24 மூச்சு. பிறந்த பிள்ளையோ 30 முதல் 60 தடவை மூச்சுவிடும்! பெரியவர் எல்லையை வைத்தால் தேடுகிற சாமானே வெளியே நின்றுவிடும். தூக்கம் இன்னொரு தலையிடி. இமைக்குள் கண் உருள, கைகால் துள்ளத் தூங்கும்போது ஒரு கணக்கு, அசையாமல் தூங்கும்போது வேறு கணக்கு. குறைமாதமா, பிறந்து எத்தனை கிழமை என்பதெல்லாம் பக்கத்தில் எழுதாத அட்டவணை எனக்கு வெறும் தாள்.

அதற்காக வேண்டாத வேலை என்று சொல்ல வரவில்லை. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் மிக எடை குறைந்த 3,003 பிள்ளைகள். துடிப்பின் இந்தப் போக்கை வைத்தியர்களுக்குத் திரையில் காட்டிய பிரிவில் இறப்பு 8.1 சதவீதம், காட்டாத பிரிவில் 10.2. கிருமித்தொற்று வெளியே தெரியும் முன்னமே துடிப்பின் ஏற்ற இறக்கம் மங்கத் தொடங்கலாம்.

சரி, அப்படியானால் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளையும் அளக்க வேண்டும். இலங்கை மலையகத்தில் எங்கள் நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கடற்கரைப் பிள்ளையின் கணக்கு இங்கே பொருந்துமா என்று அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறக்கும் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டி, 'மலையகத்துக்கு இதுதான் நோமல்' என்று எழுதிவிடக் கூடாது. இங்கே இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கிறவர்கள் அதிகம். கொழுந்துக் கூடையோடு மலையேறும் தாயின் இரத்தசோகையையும் சேர்த்து நோமல் ஆக்கிவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைக்கு, ஆறு நாடுகளில் நன்றாக வளர வசதியிருந்த பிள்ளைகளைத்தான் எடுத்தார்கள். துடிப்புக்கும் அதே வழிதான் சரி. நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த மலையகப் பிள்ளைகளுக்கு ஓர் அட்டவணை போடட்டும். எடை குறைந்தவர்களைத் தனியாக அளந்து, எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்று அதன் பக்கத்தில் வைக்கட்டும்.